"அனுப்பியிருந்தேன்" என்பதை ஆங்கிலத்தில் 'ஹேட் சென்ட்' என்று எழுதலாமா?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். இப்போது வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. கடந்த வாரம் ஒரு மடலில் 'ஐ ஹேட் சென்ட் த இன்வாய்ஸ் ஆன் மண்டே' என்று எழுதியிருந்ததை மேலாளர் 'ஐ சென்ட்' என்று திருத்தினார். அதே மடலில் இருந்த 'ஐ ஹேவ் ஸ்போக்கன் டு தெம் யெஸ்டர்டே' என்பதையும் 'ஐ ஸ்போக்' என்று மாற்றினார். காரணம் கேட்டேன்; அப்படித்தான் எழுத வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். 'திங்கட்கிழமையே அனுப்பியிருந்தேன்' என்றும் 'நேற்று அவர்களிடம் பேசியிருக்கிறேன்' என்றும் தமிழில் தயங்காமல் சொல்கிறோமே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தவறாகிறது? பள்ளியில் மனப்பாடம் செய்த பன்னிரண்டு காலங்களின் அட்டவணை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதை அந்த அட்டவணை சொல்லவில்லை.

கரும்பலகை:

தம்பி, உங்கள் மேலாளர் திருத்தியது இரண்டும் சரி. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இந்த இரண்டு பிழைகளையும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களில்கூடத் திருத்தியிருக்கிறேன். 'இருக்கிறேன்' என்றால் 'ஹேவ்', 'இருந்தேன்' என்றால் 'ஹேட்' என்று நாங்களே வகுப்பில் எளிமைக்காகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் 'ஹேவ்' பற்றிப் பார்ப்போம். காலையில் முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, தடயத்தைக் கொண்டு ஊகிக்கிறோம் என்பதை அந்த 'இருக்கிறது' உணர்த்துகிறது. ஆங்கிலத்தின் ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட், அதாவது 'ஹேவ் ஸ்போக்கன்' போன்ற வடிவத்துக்கு அந்த வேலை இல்லை. நடந்த செயலை இப்போதைய நிலையோடு இணைத்துக் காட்டுவதே அதன் பணி. ஆகவே யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2015 என்பன போல முடிந்துபோன ஒரு காலத்தைக் குறித்துவிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. 'ஸ்போக்' போன்ற சிம்பிள் பாஸ்ட் வடிவம் மட்டுமே பொருந்தும். இன்னும் முடியாத காலமாகிய 'திஸ் வீக்' என்பதோடு 'ஐ ஹேவ் ஸ்போக்கன் டு தெம் ட்வைஸ்' என்று எழுதலாம், ஏனெனில் வாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காலச் சொல்லே இல்லாவிட்டாலும் இந்த விதி மறைந்து நின்று வேலை செய்யும். 'பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்திருக்கிறார்' என்பது நல்ல தமிழ். ஆனால் அவர் 1908 முதல் 1918 வரை அங்கே வாழ்ந்து, 1921-இல் மறைந்துவிட்டதால், ஆங்கிலத்தில் 'பாரதி லிவ்ட் இன் பாண்டிச்சேரி' என்றுதான் எழுத வேண்டும். 'ஹேஸ் லிவ்ட்' என்று எழுதினால் அவர் இன்றும் இருக்கிறார் என்று படிப்பவர் எண்ணுவார்.

அடுத்தது 'ஹேட்'. 'அனுப்பியிருந்தேன்' என்று தமிழில் சொல்லும்போது, இனிச் சொல்லப்போகும் செய்திக்கு அதைப் பின்னணியாக வைக்கிறோம். கேட்பவரும் 'சரி, அதற்கு என்ன?' என்று அடுத்ததை எதிர்பார்க்கிறார். ஆங்கிலத்தின் பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது 'ஹேட் சென்ட்' போன்ற வடிவம், அவ்வளவு தாராளமானது அன்று. இறந்தகாலத்திலேயே இன்னொரு புள்ளி இருந்து, அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்லும்போதுதான் அது வர வேண்டும். 'வென் ஐ ரீச்ட் எக்மோர், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் நான் எழும்பூர் சேர்வதற்குள் வண்டி போய்விட்டது. 'த ட்ரெயின் லெஃப்ட்' என்றால் நான் சேர்ந்த நேரத்தில் வண்டி கிளம்பியது. ஒரு சொல்லில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. உங்கள் மடலில் திங்கட்கிழமை என்ற ஒரே புள்ளிதான் இருந்தது. அதனால் 'ஹேட்' தேவைப்படவில்லை. பிஃபோர், ஆஃப்டர் என்ற சொற்கள் முன்பின் வரிசையைத் தாமே காட்டிவிடும் இடங்களிலும் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட் போதும்.

இருமொழியன்:

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு, மொழிபெயர்ப்புப் பணியில் நான் கண்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'சிறுவயதில் தாத்தா தினமும் கதை சொல்வார்' என்ற தொடரில் வினை எதிர்கால வடிவில் இருந்தாலும் பொருள் பழைய வழக்கமே. ஆங்கிலத்திலும் 'வுட் டெல்' என்று ஏறத்தாழ அதே உத்தி உண்டு. இங்கே தமிழர்களுக்குத் தமிழே துணை நிற்கிறது. ஆனால் செயலுக்கு மட்டுமே 'வுட்' வரும். 'அந்தத் தெருவில் ஓர் ஆலமரம் இருந்தது, இப்போது இல்லை' என்பது போன்ற நிலையைச் சொல்ல 'யூஸ்ட் டு பி' என்றுதான் எழுத வேண்டும்.

கதையில் நீண்ட பின்னோக்கு வரும்போது ஒவ்வொரு வினைக்கும் 'ஹேட்' போட்டால் படிக்கவே முடியாது. முதல் ஓரிரு வாக்கியங்களில் 'ஹேட்' வைத்து வாசகரைப் பின்னுக்கு அழைத்துச் சென்றபின், சிம்பிள் பாஸ்டில் தொடர்வதே நல்ல எழுத்தாளர்களின் வழக்கம்.

கடல்கடந்தவன்:

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகிய சொற்களோடு பிரிட்டிஷ் ஆங்கிலம் ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்டையே பெரிதும் விரும்பும். இங்கோ 'டிட் யூ ஈட் யெட்?' என்று சிம்பிள் பாஸ்டில் கேட்பது அன்றாட வழக்கு. நீங்கள் எழுதிய 'ஹேவ் ஸ்போக்கன் யெஸ்டர்டே' மட்டும் இரண்டு நாட்டிலும் செல்லாது.

பொருநைக்கரை:

அம்மா, மற்ற இருவரே, மனமார்ந்த நன்றி. அட்டவணையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எத்தனை காலப்புள்ளிகள் இருக்கின்றன என்று பார்த்து இன்று ஒரு மடல் எழுதினேன்: 'வென் யூ கால்ட் ஆன் வெட்னஸ்டே, ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் த இன்வாய்ஸ், பட் யுவர் பேங்க் டிட் நாட் கன்ஃபர்ம் இட் யெட்.' இது சரியா?

கரும்பலகை:

முற்பகுதியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை, தம்பி. புதன்கிழமை அழைப்பு ஒரு புள்ளி, அதற்கு முன் அனுப்பியது இன்னொன்று. 'ஹேட்' அங்கே முறையாக அமர்ந்திருக்கிறது. பிற்பகுதியில், வங்கி இன்றுவரை உறுதிசெய்யவில்லை என்பதே உங்கள் கருத்தாதலால் 'ஹேஸ் நாட் கன்ஃபர்ம்ட் இட் யெட்' என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் அமெரிக்கராக இருந்தால் நீங்கள் எழுதியதும் அவருக்கு உறுத்தாது. ஆனால் இந்த வடிவம் எந்த நாட்டவருக்கும் பொருந்தும்.