லா தூர்பி: வெடிக்குத் தப்பிய வெற்றித்தூண்

தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரில் தங்குபவர்கள் மொனாக்கோவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கு நேர் மேலே, சுமார் 480 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லா தூர்பி கிராமத்துக்கு நாங்கள் பஸ்ஸில் ஏறிப் போனோம். வளைவுகள் பொல்லாதவை, என் மனைவி பாதி வழி கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

ஆல்ப்ஸ் மலைக்குடிகளை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அடக்கியதற்காக கி.மு. 7-6 வாக்கில் எழுப்பிய நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 50 மீட்டர் இருந்தது, இப்போது 35 மீட்டர். அதற்கே கழுத்து வலிக்கிறது.

என்னை நிறுத்திவைத்தது மேற்குப் பக்கத்துக் கல்வெட்டுதான். தோற்ற குடிகளின் பெயர்களை, நாற்பதுக்கும் மேல், வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் புடைப்புச் சிற்பம்: ஆயுதங்கள் தொங்கும் மரத்தின் அடியில் கட்டுண்ட கைதிகள். ஜெயித்தவனின் பெருமைக்கென்று வெட்டிய கல்லில் தோற்றவர்களின் பெயர்களே அதிக இடத்தைப் பிடித்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூலக் கல்வெட்டு சில்லுசில்லாக உடைந்துபோனது. பழைய ரோம எழுத்தாளர் மூத்த பிளினி தம் நூலில் அந்த வாசகத்தை எழுதிவைத்திருந்ததால்தான் துண்டுகளை உரிய இடத்தில் பொருத்த முடிந்திருக்கிறது.

உடைத்தது காலம் மட்டுமல்ல. இடைக்காலத்தில் இதைக் கோட்டையாக்கினார்கள். 1705இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அந்தக் கோட்டையைத் தகர்க்கச் சொன்னார். வெடி வைத்தும் நடுப்பகுதி விழவில்லை. அதன் பிறகு ஊருக்கே அது கல் குவாரி. 1929 முதல் 1933 வரை, எட்வர்ட் டக் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் பணத்தில், கட்டடக் கலைஞர் ஜூல் ஃபோர்மிழே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கட்டினார். கிட்டே போனால் வித்தியாசம் தெரியும்: ஒரு பக்கம் வழவழப்பான வெளிர் கல், மறுபக்கம் தோலுரிந்த கரடுமுரடான உள்சுவர். முழுவதும் புதுப்பிக்காமல் விட்டாரே, புண்ணியவான்!

உள்ளே இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் முழு வடிவத்தின் மாதிரி இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். டிக்கெட் வாங்கியவர்கள் பலர் மொனாக்கோவைப் படம் எடுப்பதோடு கிளம்பிவிட்டார்கள். பக்கத்திலேயே 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது, நினைவுச்சின்னத்தின் கற்களைக் கொண்டே கட்டியது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

கல்வெட்டு மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெயிலில் எழுத்துகள் நன்றாகத் தெரியும். திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.