இருப்பு எண்ணும் ரோபோக்களுக்கு வேலை பிரிக்க ஏலமா, மத்திய சர்வரா?

நெய்தல்:
கிடங்கில் தட்டுகளை ஸ்கேன் செய்யும் ரோபோக்களுக்கு, 1980-ல் ரீட் ஸ்மித் விவரித்த கான்ட்ராக்ட் நெட் என்ற ஏல முறை போதும் என்பது என் கட்சி. வேலை வைத்திருக்கும் ஏஜென்ட் (தானே முடிவெடுக்கும் ரோபோ அல்லது நிரல்) அறிவிக்கும், மற்றவை தத்தம் செலவைச் சொல்லி ஏலம் கேட்கும், குறைவாகக் கேட்டதற்கு வேலை. மத்திய சர்வர் எதற்கு?

கணக்குப்புலி:
இதற்குத்தான். ஒரே நேர்பாதையில் ரோபோ 1 பூஜ்ஜியத்தில், ரோபோ 2 22-ஆம் மீட்டரில் நிற்கின்றன. தட்டுகள் 10-லும் 12-லும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏலம் விட்டால் ஆளுக்கொன்று, மொத்தம் 20 மீட்டர். ரோபோ 1 மட்டும் போனால் 12-லேயே இரண்டும் முடியும்.

நெய்தல்:
ஒன்றன்பின் ஒன்றாக ஏலம் விடுங்கள். முதல் தட்டு ரோபோ 1-க்குப் போனபின், அடுத்ததற்கு அது கூடுதலாகும் 2 மீட்டரை மட்டும்தான் கேட்கும். ரோபோ 2 கேட்பது 10. அதே 12 மீட்டர் வந்துவிட்டது.

கணக்குப்புலி:
ஆனால் ஒரு ரோபோ சும்மா நிற்கிறதே! ஆளுக்கொன்று எடுத்தால் 10 மீட்டர் ஓடும் நேரத்தில் வேலை முடியும்.

நெய்தல்:
நேரம்தான் முக்கியமென்றால் கேட்கும் விதியை மாற்றினால் போதும். கூடுதல் தூரத்துக்குப் பதில் தன் மொத்தத் தூரத்தைச் சொல்லட்டும்: 12-க்கு எதிராக 10, ரோபோ 2 ஜெயிக்கும். பாட்டரியா நேரமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அலைவரிசை:
இருவருமே நெட்வொர்க்கை விட்டுவிட்டீர்கள். அறிவிப்பு, பதில், முடிவு என்று 30 ரோபோவுக்கு ஒரு வேலைக்கே 90 மெசேஜ். அதைவிடப் பெரிய தலைவலி, ஒரே ரோபோ இரண்டு ஏலத்தில் கேட்டு இரண்டிலும் ஜெயிப்பது. முடிவு வரும்வரை அதைப் பூட்டி வைத்தால், "உனக்கில்லை" என்ற மெசேஜ் தொலைந்த அன்றைக்கு அது பூட்டியபடியே நிற்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பூட்டைத் தானே திறக்கும் டைம்-அவுட் கட்டாயம். ஏலம் கேட்பதற்கான கெடுவைக் கடிகார நேரமாக அனுப்பினால் இன்னொரு சிக்கல்: கெடு 1 விநாடி, ரோபோவின் கடிகாரம் 2 விநாடி முந்தி ஓடுகிறது என்றால், அது எந்த ஏலத்திலும் வாய் திறக்காது.

கணக்குப்புலி:
அதனால்தான் சர்வர் என்கிறேன். ஆளுக்கொரு வேலை என்றால், மொத்தச் செலவு மிகக் குறையும்படி வேலைகளைப் பொருத்தும் ஹங்கேரியன் முறை 30 ரோபோவுக்குக் கண் இமைப்பதற்குள் உகந்த பங்கீட்டைத் தந்துவிடும்.

நெய்தல்:
பழைய இருப்பிடத்தை வைத்துப் போட்ட கணக்கு எப்படி உகந்ததாகும்? வைஃபை எட்டாத சந்தில் இருக்கும் ரோபோ ஏலம் கேட்காது, வேலையும் அதற்குப் போகாது. சர்வரோ கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்.

அலைவரிசை:
ஜெயித்தபின் சந்துக்குள் போன ரோபோவை ஏலமும் கண்டுகொள்ளாதே, நெய்தல். வேலை நடக்கும்போதே நிலவரம் வரவேண்டும். வராவிட்டால் மறு ஏலம். இரண்டாவதாகக் கேட்டவரிடம் அப்படியே தள்ளாதீர்கள், அந்த ரோபோ இதற்குள் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.