வீட்டில் 160, பி.எச்.சி.யில் 130: எங்கே தவறுகிறது?

தன்னார்வலர், மக்களைத் தேடி மருத்துவம்:
வீட்டில் ரத்த அழுத்தம் (பி.பி.) பார்த்தால் 160/100 வருகிறது. பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு) அனுப்பினால் 130/84 என்று எழுதி அனுப்புகிறார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போனால் "உங்க மிஷின் சரியில்லம்மா" என்று கையை நீட்டவே மறுக்கிறார்கள். களத்தில் இருக்கும் அக்காமார்கள் சொல்லுங்கள்.

இடைநிலை சுகாதாரப் பணியாளர்:
மிஷினைச் சந்தேகப்படும் முன் அளப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க வருகிறவருக்கு உடனே கையில் மிஷின் பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். டீ, பீடி, புகையிலை போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலும் கூடும். "ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பதிவேட்டை எழுதி முடித்துவிடலாம்.

உட்காரும் விதம் அடுத்தது. கட்டில் ஓரத்தில் கால் தொங்க, முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் இருப்பதுதான் வழக்கமாகப் பார்ப்பது. நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் எதன் மேலாவது தாங்கி இருக்கட்டும். தொங்கினால் அளவு கூடும், தூக்கிப் பிடித்தால் குறையும்.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். வெறும் கைதான் சரி. இறுக்கமான பிளவுஸ் கையை மேலே சுருட்டினால் அதுவே கையை நெருக்கிவிடும். உள்ளறையில், துண்டு போர்த்தி, ஒரு கையை வெளியே எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. மிஷினோடு வரும் பட்டை பொதுவாக 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். பருத்த கைக்கு அது பொய்யாக அதிகம் காட்டும். பையில் தையல் டேப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 32க்கு மேல் போனால் பெரிய பட்டை கேளுங்கள்.

அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 10க்கு மேல் விலகினால் மூன்றாவது. 137 வந்தால் 137 என்றே எழுதுங்கள், 140 ஆக்காதீர்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் மிஷின் தடுமாறும். பேட்டரி நன்றாக இருந்தும் திரும்பத் திரும்ப எர்ரர் வந்தால் மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாறுமாறாக இருந்தால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர்:
எல்லாம் சரியாகச் செய்தும் அளவு கூடவே இருந்தால் மாத்திரையை எண்ணுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நாம் மாத்திரையை வாசல் வரை கொண்டுபோகிறோம். வாசலுக்கு அப்புறம் அது வாய்க்குப் போகிறதா என்பது தனி வேலை. "சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "அட்டையை எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்று கேளுங்கள். தினம் ஒன்று என்று 30 கொடுத்து 20 நாள் ஆனால் 10தான் மிஞ்ச வேண்டும். 18 இருந்தால் எட்டு நாள் விட்டுப்போயிருக்கிறது.

திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். "பி.பி. நார்மல் ஆயிடுச்சு"ன்னு நிறுத்துவது, விரதம், கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பங்கு போடுவது, இவை அடிக்கடி வரும். பி.பி. மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் கொடுக்கும். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதோடு விட்டுவிடுவார்கள். இந்த மாதம் அட்டையின் நிறம் மாறி வந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

இன்னொரு தன்னார்வலர்:
சர்க்கரைக்கும் இதே கதைதான். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் 300கூட காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பிழிந்து எடுக்காதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள்; காற்றின் ஈரம் பட்டால் வீண்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வியர்த்து நடுங்கினால், 70க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. 108 ஆம்புலன்ஸ்தான்.

இடைநிலை சுகாதாரப் பணியாளர்:
அதேபோல் 180/120க்கு மேல் போய், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டாம் முறை அளக்கக் காத்திருக்க வேண்டாம், 108. மற்றவர்களை அனுப்பும்போது சீட்டில் இரண்டு அளவையும், அளந்த நேரத்தையும், எந்தக் கை என்பதையும், அன்று மாத்திரை போட்டாரா என்பதையும் எழுதிக் கொடுங்கள். 160 ஏன் 130 ஆனது என்று பி.எச்.சி.யில் பார்த்துச் சொல்ல அந்த நான்கும் வேண்டும்.