கேஷ்பேக் கார்டை மாற்றலாமா? பழையதை மூடிவிட்டுப் புதியது வாங்குவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா?

மலையோர நர்ஸ் (கேள்வி)

குலசேகரம் பக்கம் வீடு எனக்கு. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டுச் செலவு, பையனின் கோயம்புத்தூர் ஹாஸ்டல் செலவு எல்லாம் என் கையால்தான் போகிறது. அதில் முக்கால்வாசி ஒரே ஒரு கிரெடிட் கார்டு வழியாக. ஐந்து வருடமாக அதே கார்டு.

வாங்கும்போது எதற்குத் தேய்த்தாலும் ஒன்றரை சதவீதம் திரும்ப வரும், பெட்ரோலுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். சொன்னபடி வந்தது. போன ஆகஸ்டில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. நைட் டூட்டி முடித்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். தூக்கக் கலக்கம், அப்புறம் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. கல்லூரி, ஹாஸ்டல் கட்டணம், கரண்ட் பில், இன்சூரன்ஸ் எதற்கும் இனி கேஷ்பேக் இல்லை. ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய், அது மட்டும் அப்படியே இருக்கிறது. ஜனவரி பில்லில் பிடித்துவிட்டார்கள். எந்த வங்கி என்று இங்கே எழுத விரும்பவில்லை.

என் செலவு மாதத்துக்குச் சராசரியாக 25,000 ரூபாய் வரும். ஆன்லைனில் துணிமணி, மாமிக்கு மருந்து, வீட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 6,500. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 7,000. மார்த்தாண்டத்தில் சூப்பர் மார்க்கெட் 5,500. பெட்ரோல் 2,500. கரண்ட், போன், இன்சூரன்ஸ் 3,500.

எஸ்பிஐ கேஷ்பேக் கார்டா, அமேசான் பே ஐசிஐசிஐ கார்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழையதை மூடினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், குறையுமா? அடுத்த வருடம் மாடி கட்ட வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருக்கிறது. இதுவரை ஒரு தவணை கூடத் தவறியதில்லை. போன வருடம் ஜூனிலும் நவம்பரிலும் மட்டும் மழையால் எங்கள் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்று கை இறுகிப்போனது. அப்போதும் மினிமம் தொகையைத் தேதிக்குள் கட்டிவிட்டேன்.

விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பார்வதிபுரம் பையன்

அக்கா, உங்கள் கணக்குக்கு எஸ்பிஐ கேஷ்பேக்தான் சரி. 2022 செப்டம்பரில் வந்த கார்டு அது. ஆன்லைனில் எந்தக் கடை என்ற வித்தியாசம் இல்லாமல் 5 சதவீதம், நேரில் தேய்த்தால் 1 சதவீதம். உங்கள் 6,500-க்கு 325, சூப்பர் மார்க்கெட்டுக்கு 55. மாதம் 380, வருடத்துக்கு 4,560. கல்விக் கட்டணம், கரண்ட், இன்சூரன்ஸ், பெட்ரோலுக்கு அதிலும் கிடையாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179 ஆகும். வருடத்தில் 2 லட்சம் செலவு செய்தால் மறு வருடக் கட்டணம் இல்லை.

அமேசான் கார்டுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் 5 சதவீதம் அமேசானின் பிரைம் சந்தா வைத்திருப்பவர்களுக்கு. இல்லாவிட்டால் 3. வெளியில் 1 சதவீதம். உங்கள் 6,500-இல் அமேசானில் 4,000 என்று வைத்தால், பிரைம் இல்லாமல் மாதம் 200 வரும், வருடம் 2,400. நான் பிரைம் வைத்திருக்கிறேன், எனக்கு அது ஒத்துவருகிறது. கேஷ்பேக்குக்காக மட்டும் 1,499 கொடுத்து பிரைம் எடுக்காதீர்கள்.

எல்லா விதியும் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் அன்று வங்கியின் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கருங்கல் அக்கா

நான் இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி மாற்றினேன். அவசரப்பட்டதில் இரண்டு நஷ்டம்.

முதலாவது, பழைய கார்டில் 840 ரூபாய் கேஷ்பேக் சேர்ந்து கிடந்தது. அந்தக் கார்டில் அது தானாக பில்லில் கழியாது, நாம்தான் கேட்டு எடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மூடினார்கள், 840-ம் அதோடு போனது.

இரண்டாவது, அந்தக் கார்டில்தான் இன்சூரன்ஸ் பிரீமியம் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. கார்டு மூடிய மாதம் பணம் போகவில்லை. அவர்கள் அனுப்பிய மெயிலை நான் பார்க்கவில்லை. சலுகைக் காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. மருத்துவக் காப்பீடு அது, அம்மா பெயரும் அதில் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் புதிய கார்டு கைக்கு வரட்டும். ஆட்டோ டெபிட் ஒவ்வொன்றையும் அதற்கு மாற்றி, ஒரு மாதம் பணம் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். சேர்ந்த கேஷ்பேக்கை எடுங்கள். அதன் பிறகு மூடலாம்.

தக்கலை பென்ஷன்காரர்

மகளே, வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி போட்ட கணக்கு சரி, கருங்கல் பிள்ளை சொன்ன வரிசையும் சரி. ஆனால் உன் கேள்வியின் கடைசியில் இருக்கும் ஒரு வரியை இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டார்கள்.

ஜூனிலும் நவம்பரிலும் மினிமம் தொகை கட்டினேன் என்கிறாய். தவணை தவறவில்லை என்றும் சொல்கிறாய். சிபில் கணக்குக்கு அது தவறாதது போலத்தான், உண்மை. உன் பணத்துக்கு அப்படி இல்லை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். கட்டாமல் விட்ட தொகைக்கு, நீ பொருள் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை, மூன்றே முக்கால் சதவீதம் என்பது இங்கே சாதாரணம். வருடத்துக்கு 42, 45 சதவீதம் என்று பெருக்கிப் பார். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பாக்கி முழுதும் தீரும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. நீ அந்த மாதம் வாங்கிய அரிசிக்கும் கடையில் தேய்த்த அன்றே வட்டி தொடங்கியிருக்கும்.

போன வருட ஸ்டேட்மெண்ட் பன்னிரண்டையும் எடுத்து வைத்துக்கொள். கேஷ்பேக் எவ்வளவு வந்தது என்று ஒரு பக்கம், வட்டியும் ஜிஎஸ்டியும் ஆண்டுக் கட்டணமும் எவ்வளவு போனது என்று மறுபக்கம் எழுது. எழுதிவிட்டு இங்கே வா. எந்தக் கார்டு என்று அப்புறம் பேசலாம்.

உன் பில்லுக்குக் கடைசித் தேதி என்ன? சம்பளம் என்றைக்கு வருகிறது?

சந்தைக் கடைக்காரன்

திங்கள்சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன், தங்கச்சி.

கார்டு தேய்த்தால் எங்களுக்குக் கமிஷன் பிடிப்பார்கள். பலசரக்கில் லாபமே மெல்லியது, அதனால்தான் சின்னக் கடைகள் மெஷின் வைப்பதில்லை. ஆனால் ரூபே (விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டுக் கார்டு முறை) கிரெடிட் கார்டாக இருந்தால் யுபிஐயில் சேர்த்து எங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து கொடுக்கலாம். 2022 செப்டம்பரில் இருந்து அது உண்டு. சின்னக் கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதில் கமிஷன் இல்லை, நாங்களும் சந்தோஷமாக வாங்குவோம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கடைக்கு என்று வாங்கிய க்யூஆருக்குத்தான் கிரெடிட் கார்டில் இருந்து பணம் போகும். சொந்த போன் நம்பர் க்யூஆருக்குப் போகாது. குளச்சலில் இருந்து மீன் கொண்டு வரும் அக்காமார் பலரிடம் இருப்பது சொந்த நம்பர்தான். மீனுக்குக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையோர நர்ஸ்

எல்லாருக்கும் நன்றி. தக்கலை ஐயா கேட்டதை நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மகள் ஸ்டேட்மெண்டை வாசித்தாள், நான் நோட்டில் குறித்தேன்.

ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை வந்த கேஷ்பேக் 3,248 ரூபாய்.

ஜூன் பில் 31,000 சொச்சம், செமஸ்டர் கட்டணமும் அதில் சேர்ந்திருந்தது. மினிமம் கட்டியதால் அடுத்த ஸ்டேட்மெண்டில் வட்டி 1,412, ஜிஎஸ்டி 254. நவம்பரில் வட்டி 1,187, ஜிஎஸ்டி 214. இரண்டும் சேர்ந்து 3,067. ஆண்டுக் கட்டணம் 590. மொத்தம் போனது 3,657.

வந்ததைவிட 409 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடமாக இந்தக் கார்டால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் கேஷ்பேக் வரியை மட்டும் பார்த்து, மேலே இருந்த வட்டி வரியைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஊசி போடும்போது மருந்தின் பெயரை மூன்று முறை வாசிப்பவள் நான். இதை வாசிக்காமல் விட்டது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடைசித் தேதி மாதம் 4. எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி. அவர் அனுப்பும் பணம் 8, 9 ஆகும். ரப்பர் ஷீட் விற்ற காசு மாமா கொடுப்பார், அதை வைத்துத்தான் 4-ஆம் தேதியைச் சமாளிப்பேன். எண்பது சென்ட் ரப்பர்தான் இருக்கிறது. நம் ஊருக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை பிடித்தால் வெட்டு கிடையாது. இலை உதிரும் மாசியிலும் அப்படித்தான்.

தக்கலை பென்ஷன்காரர்

நான் நினைத்தது அதுதான், மகளே. உன்னிடம் பணம் இல்லாமல் போகவில்லை, மூன்று நாள் பிந்தி வருகிறது. அதற்கு ஒரு வருடத்துக்கு 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறாய்.

பில் தேதியை மாற்றச் சொல்லிக் கேள். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றன. பில் சுழற்சியை மாற்றிக்கொள்ள ஒரு முறையாவது வாய்ப்பு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஸ்டேட்மெண்ட் 22-ஆம் தேதி வாக்கில் வருமாறு வைத்தால் கடைசித் தேதி 11, 12-க்குப் போகும். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கு எழுதலாம் என்றும் அதே விதியில் உண்டு. ஆனால் அதை நம்பி உட்காராதே. தேதி மாறியதும் சம்பளக் கணக்கில் இருந்து முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் கொடு. படிவத்தில் மினிமம், முழுத் தொகை என்று இரண்டு கட்டம் இருக்கும், பார்த்து டிக் செய். பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

புதிய கார்டு வாங்கு, தடையில்லை. ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பம் போடு. நாலு வங்கியில் ஒரே நேரத்தில் கேட்டால் நாலு விசாரணையும் சிபிலில் பதியும், வீட்டுக் கடன் கொடுப்பவன் அதைப் பார்ப்பான். அதிலும் முதலிலேயே பில் தேதியைச் சொல்லி வாங்கு.

பழைய கார்டை மூடினால் உன் மொத்த லிமிட் குறையும். அதே செலவு லிமிட்டில் பெரிய பங்காகத் தெரியும், ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். ஒழுங்காகக் கட்டியிருந்தால் சில மாதத்தில் சரியாகிவிடும். கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேள், மாற்றித் தந்தால் வைத்துக்கொள். இல்லை என்றால் பாக்கியை முழுதும் கட்டிவிட்டு மெயிலில் எழுதிக் கேள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உனக்குத் தர வேண்டும். மூடியதற்கும் பாக்கி இல்லை என்பதற்கும் கடிதம் வாங்கி வை. ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், செலவு கிடையாது.

மலையோர நர்ஸ் (ஏழு வாரம் கழித்து)

ஐயாவும் மற்றவர்களும் கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

பில் தேதி மாறிவிட்டது. கஸ்டமர் கேரில் முதலில் பேசிய பிள்ளை அப்படி வசதி இல்லை என்றது. ரிசர்வ் வங்கி விதியில் இருக்கிறதே என்று ஐயா சொன்னபடி கேட்டேன். இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு மாற்றித் தந்தது. இப்போது கடைசித் தேதி 11. போன மாதம் 8-ஆம் தேதி முழுத் தொகையும் கணக்கில் இருந்து தானாகப் போனது. மாமா கொடுத்த ஷீட் காசைத் தொடவே இல்லை. அது தனியாகப் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது, செமஸ்டர் கட்டணத்துக்கு.

எஸ்பிஐ கேஷ்பேக் வாங்கியாயிற்று. ஆன்லைன் சாமான் அதில், மற்றவை பழையதில். போன் பில்லையும் காப்பீட்டையும் மாற்றிவிட்டேன். ஒரு மாதம் சரியாகப் போனதை மெயில் திறந்து பார்த்துக்கொண்டேன், கருங்கல் அக்கா. மீனுக்குக் காசுதான், அண்ணாச்சி. எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் இருப்பதும் சொந்த நம்பர்தான்.

பழைய கார்டை இலவசக் கார்டாக மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் 412 ரூபாய் கேஷ்பேக் இருந்தது, எடுத்துவிட்டேன். ஜனவரியில் 590 பிடிப்பதற்கு முன்னால் மூட வேண்டும். மெயில் அனுப்ப டிசம்பர் முதல் வாரம் என்று சமையலறைக் காலண்டரில் மகள் எழுதி வைத்திருக்கிறாள்.