22 பல்லு ஸ்ப்லைன் ஹப்பு, வரைஞ்சது ஷாஃப்ட்ல ஏறவே மாட்டேங்குது

கொளச்சல் லேத்:
எல்லாருக்கும் வணக்கம். கொளச்சல் பக்கம் சின்ன லேத் பட்டறை வச்சிருக்கேன், போட் வேலைதான் கூடுதலா வரும். இப்ப ஒரு விசைப்படகுல வின்ச் ஓட்டுற ஹைட்ராலிக் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்க கப்ளிங் ஹப்பு போயிட்டு, உள்பல்லு எல்லாம் தேஞ்சு கத்தி முனை மாதிரி நிக்கு. பம்பு ஷாஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. புதுசு கேட்டா வர நாளாகும்ங்காங்க, இங்க தடைக்காலம் ஜூலை 31 முடியுது, ஓனரு தெனமும் காலைல வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிடுதாரு. சரி நாமளே ஃப்ரீகேட் டிராயிங் சாஃப்ட்வேர்ல வரைஞ்சு, கம்பில கரண்ட் விட்டு இரும்பு வெட்டுற வயர்கட்டுக்கு குடுத்துருவோம்னு இறங்கினேன்.

ஷாஃப்ட்ல பல்லு 22, வெளி டயா வெர்னியர்ல 29.7. கியர் கணக்குல 22ம் 2ம் 24, மாட்யூல், அதாவது பல்லு சைஸு, 1.25 போட்டு பெருக்கினா 30 வந்துச்சு, நல்லா பொருந்துதேன்னு சந்தோஷமா 20 டிகிரில உள்கியர் வரைஞ்சு எனக்க தம்பிக்க பிரிண்டர்ல அடிச்சு மாட்டிப் பாத்தா நுனிகூட உள்ள போகல. பிளாஸ்டிக் சுருங்கியிருக்கும்னு 2 சதவீதம் பெருசாக்கி இன்னொண்ணு அடிச்சேன், அதுவும் அப்படித்தான். எங்க தப்பு பண்ணுதேன்?

பார்வதிபுரம் டிராயிங்:
தம்பி, பிரிண்டரை திட்டாதீங்க, அது பாவம். நீங்க வரைஞ்சது கியர், கையில இருக்கது ஸ்ப்லைன். வெளி டயா ஒத்து வந்தது வெறும் தற்செயல், அதுதான் உங்கள ஏமாத்திட்டு. கியர்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு பல்லுதான் கடிக்கும், ஒண்ணுமேல ஒண்ணு உருண்டு போகணும், அதுக்கு உயரமான பல்லு வேணும். ஸ்ப்லைன்ல உருளுறதுக்கு ஒண்ணும் கிடையாது, 22 பல்லும் ஒண்ணா உக்காந்து முறுக்கு தாங்குது, அதனால குட்டை பல்லு, சாய்வு 30 டிகிரி.

ஒரு காரியம் செய்யுங்க, எதிரெதிர் பள்ளத்துல வெர்னியர் கத்தி முனைய வச்சு அடி டயா எவ்வளவுன்னு சொல்லுங்க. உங்க கியர் கணக்குப்படி 24.4 கிட்ட இருக்கணும். 27 சொச்சம் வந்தா நான் சொன்னதுதான்.

மொட்டைமாடி மேக்கர்:
இவ்வளவு எதுக்கு, ஷாஃப்ட் முனைய ஸ்கேனர்ல கவுத்து வச்சு ஸ்கேன் பண்ணி படத்துமேலயே கோடு இழுத்தா போச்சே. நான் மிக்ஸி கப்ளர் அப்படித்தான் பண்ணினேன், ஓடுது.

பார்வதிபுரம் டிராயிங்:
மிக்ஸி கப்ளர் ரப்பரு மக்கா, அது மன்னிச்சுரும். இது வலை இழுக்கது. கண்ணால இழுத்த கோட்டுல 22ல நாலு பல்லுதான் பாரத்த தாங்கும், மத்ததெல்லாம் சும்மா வேடிக்கை பாக்கும், அந்த நாலும் ஒரு வாரத்துல காலி.

கொளச்சல் லேத்:
அண்ணே அடி டயா 27.2. தலையில அடிச்சுக்கிட்டேன்.

பார்வதிபுரம் டிராயிங்:
அப்ப டின் 5480ங்க ஜெர்மன் ஸ்டாண்டர்டு ஸ்ப்லைன்தான், 30 × 1.25 × 22. இன்ச் கணக்கு 20/40 ஸ்ப்லைனா இருந்தா 22 பல்லுக்கு வெளி டயா 29.2தான் வரும், உங்களுக்கு அரை எம்எம் கூட இருக்கு. பழைய ஜப்பான் வண்டிகள்ல 20 டிகிரி ஸ்ப்லைனும் உண்டு, அதனால கண்ண மூடிட்டு 30 போடாம கடைசில ஒருக்க பின் வச்சு பாத்துக்கிடணும், அத பிறவு சொல்லுதேன்.

இந்த டின்ல பேருல இருக்க 30ங்கது ஷாஃப்ட் டயா இல்ல, ஹப்போட பள்ளத்து டயா. ஷாஃப்ட் வெளி டயா அதுல இருந்து மாட்யூல்ல 0.2 பங்கு கம்மி, 29.75. ஷாஃப்ட் அடி 27.25. ஹப்பு பல்லு முனை டயா 27.5, பிட்ச் டயாவும் 22 × 1.25 அதே 27.5தான், குழம்பிராதீங்க. நீங்க அடிச்ச உள்கியர் முனை டயா 25, அது 27.2 அடி இருக்க ஷாஃப்ட்ல எப்படி ஏறும், 2 சதவீதம் இல்ல, 5 சதவீதம் ஏத்தினாலும் ஏறாது.

ஃப்ரீகேட் 1.0ல பார்ட் டிசைன் இன்வால்யூட் கியர்லயே முடிஞ்சிரும். பல்லு 22, மாட்யூல் 1.25, பிரஷர் ஆங்கிள் 30, கீழ ப்ராப்பர்ட்டில அடெண்டம் 0.45, டெடெண்டம் 0.55, ப்ரொஃபைல் ஷிஃப்ட் 0.45, ரூட் ஃபில்லெட் 0.16. எக்ஸ்டர்னல்ங்கத எடுத்துவிட்டா அதே எண்ணுக்கு ஹப்பு வந்துரும். வந்த பிறவு 27.5ம் 30ம் வருதான்னு ஒரு வட்டம் போட்டு அளந்துக்கிடுங்க, சாஃப்ட்வேர நம்பி அப்படியே விட்ராதீங்க.

கோணம் கேட்காட்:
நான் சாலிட்வொர்க்ஸ், இந்த கியர் பட்டன்லாம் எனக்கு கிடையாது, அதனால ஈக்வேஷன் கர்வ்ல போடுவேன், யாருக்காவது உதவும். பேஸ் வட்டம் 27.5ஐ காஸ் 30ஆல பெருக்கினா 23.816, ஆரம் 11.908. எக்ஸுக்கு 11.908 × (காஸ் டி + டி × சைன் டி), ஒய்க்கு 11.908 × (சைன் டி − டி × காஸ் டி), டி ரேடியன்ல. பேஸ் வட்டம் ஷாஃப்ட் அடிக்கும் கீழ போயிருதுனால பல்லு பக்கம் முழுக்க இந்த ஒரே வளைவுதான், நேர்கோடு ஒட்டுற தொல்லை இல்ல. பல்லு தடிமன் பிட்ச் வட்டத்துல 2.613, அதனால வளைவு தொடங்குற கோட்டுல இருந்து 8.524 டிகிரில நடுக்கோடு, அதுல மிரர்.

ஹப்புக்கும் இதே பல்லுதான், உள்ள வெட்டி எடுக்கணும், முனையும் அடியும் மட்டும் மாறும். பேட்டர்ன்ல 16.36னு டைப் பண்ணிராதீங்க, 22 தடவ சுத்தி வரும்போது 0.08 டிகிரி குறையும். 360/22னே அடிங்க. நான் ஒருக்க அப்படி மாட்டி ஒரு பல்லு மட்டும் இடிச்சு ஒரு நாள் பூரா தேடினேன்.

வயர்கட் ஆளு:
ஃபைல் அனுப்புறவங்களுக்கு எனக்க வேண்டுகோள் ஒண்ணு, டிஎக்ஸ்எஃப் டிராயிங் ஃபைல்ல வளைவு நூறு துண்டு கோடா வந்தா மெஷின் ஒவ்வொரு துண்டுலயும் திணறும், வில்லா மாத்தி அனுப்புங்க. ஹப்பு உள்மூலை கூர்மையா வரைஞ்சாலும் எனக்கு வராது, 0.25 கம்பிக்கு எப்படியும் ஒரு சின்ன வளைவு விழும், 0.16 ஃபில்லெட் போட்டா 0.2 வருது, அது போதும். ஹப்பு ஒரு பக்கம் மூடியிருந்தா என்கிட்ட வராதீங்க, கம்பி அங்கிட்டு போய் வெளிய வரணும்.

பின்ன கிளியரன்ஸ். எல்லாரும் தோராயமா 0.1 போட்டு அனுப்புவாங்க, வின்ச் ஒவ்வொரு தடவ நின்னு கிளம்பும்போதும் அது டக்கு டக்குனு அடிச்சு பல்ல தின்னுரும். ஷாஃப்ட்ல ஹப்பு உக்காராத முனையில, தேயாத இடத்துல, 2.5 எம்எம் நீடில் ரோலர் ரெண்டு எதிரெதிரா வச்சு மேல மைக்ரோமீட்டர் போடுங்க. கணக்குப்படி 32.445 வரணும்.

கொளச்சல் லேத்:
போட்டேன் அண்ணாச்சி, 32.38 காட்டுது, மூணு இடத்துலயும் அதேதான்.

வயர்கட் ஆளு:
அப்ப 30 டிகிரிங்கதும் சரிதான். 0.065 குறைவுக்கு பல்லு தடிமன்ல ஏறக்குறைய 0.045 கம்மின்னு அர்த்தம். ஷாஃப்ட்லயே இடம் விட்டிருக்கான், நீங்க ஹப்புல ஒண்ணும் கூட்டாம சும்மா நாமினலாவே குடுங்க. முதல்ல 5 எம்எம் பிளேட்டுல ஒண்ணு வெட்டித்தாரேன், மாட்டிப் பாத்துட்டு மத்ததுக்கு போவோம். ஹப்புக்கு இஎன் 8 ஸ்டீல் வேண்டாம், இஎன் 24 ஸ்டீல் எடுத்து ஹார்டன் டெம்பர் பண்ணி கொண்டாங்க, பிறவு வெட்டுவோம்.

ஒண்ணு கேக்கணும், பழைய ஹப்ப கழட்டும்போது உள்ள செம்மண் மாதிரி தூள் இருந்துச்சா?

கொளச்சல் லேத்:
ஆமா நெறைய இருந்துச்சு, கிரீஸே இல்ல. துருன்னு நினைச்சு துடைச்சுட்டேன்.

வயர்கட் ஆளு:
அது உப்புக்காத்து துரு இல்ல, பல்லோட பல்லு உரசி வந்த தூள். பம்பும் இன்ஜினும் ஒரே கோட்டுல இல்லாம இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஹப்பு முன்ன பின்ன நெளியும். டயல் கேஜ் வச்சு பாருங்க.

கொளச்சல் லேத்:
மூணு நாளு கழிச்சு வாறேன். பிளேட்டு கிடைச்சுட்டு, லேசா கிரீஸ் தேச்சு கையாலயே தள்ளினேன், வழுக்கிட்டு போய் உக்காந்துச்சு, ஆட்டிப் பாத்தா ஆட்டமும் தெரியல. டயல் காந்தத்த இன்ஜின் பக்கத்துல ஒட்டி பம்பு முகத்துல சுத்தினேன், ஒரு சுத்துக்கு 0.6 ஓடுது. பிராக்கெட் கால் ஒண்ணு வெல்டு விட்டு தாந்து கிடக்கு. ஓனருகிட்ட சொன்னா அத விட்ரு முதல்ல ஹப்ப போடுங்காரு. நான் பிராக்கெட்ட கழட்டி பட்டறைக்கு கொண்டாந்துட்டேன், இனி அவரு ஸ்டூல்ல உக்காந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது.