டப்ளின் கோரா, மோட்ஸா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப் போகிறோம். நூல் விவரங்களை டப்ளின் கோர், மோட்ஸ் (MODS) என்ற இரு பதிவு முறைகளில் எதில் பதிவது என்பதில்தான் இழுபறி.

1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளினில் தொடங்கிய டப்ளின் கோரில் அடிப்படைப் புலங்கள் (விவரம் நிரப்பும் கட்டங்கள்) 15தான்; தன்னார்வலர்கள் சட்டென்று பழகிவிடுவார்கள். ஆனால் 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியர், பதிப்பித்தவர் உ.வே.சா. பின்னவர் இருவரும் 'பங்களிப்பாளர்' என்ற ஒரே புலத்தில் போய் விழுகிறார்கள். உரைகாரர் யார், பதிப்பாசிரியர் யார் என்று தேடுபவருக்கு எப்படித் தெரியும்? மோட்ஸில் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே குறிக்கலாம். வேலை கூடுதல்தான், ஆனாலும் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

மோட்ஸில் பதிந்துவிட்டு, பிற தளங்கள் திரட்டிக்கொள்ள மட்டும் டப்ளின் கோராக மாற்றித் தருபவர்கள் இங்கே இருக்கிறீர்களா? டிஸ்பேஸ் (DSpace) என்ற மின்நூலக மென்பொருளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? ஒரு மாதிரிப் பதிவு காட்டினால் பெரிய உதவி.