ஊர் வீட்டுக்கு ஸ்டார்லிங்க்: காசு போட முதல் ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு ஸ்டார்லிங்க், அதாவது செய்மதி வழியாக வரும் இன்ரநெற், பூட்டலாமா என்று எங்கள் ஊர்ச் சங்கக் குழுவில் லண்டன் தம்பி போன கிழமை கேட்டிருந்தார். மூன்று பேர் பூட்டச் சொன்னார்கள், ஒருவர் வீண் செலவு என்றார், கதை அதோடு நின்றுவிட்டது. தை மாதம் நான் மூன்று கிழமை அம்மாவோடு நின்றபோது இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2025 யூலை 2ஆம் திகதி இலங்கையில் சேவை தொடங்கியபோது சாதாரண வீட்டுத் திட்டம் மாதம் 15,000 ரூபா, கருவி 118,000 ரூபா. மாதக் காசு கனடாக் கணக்கில் 70 டொலர் அளவில் வரும். இங்கே நாங்கள் கட்டும் இன்ரநெற் பில்லும் அவ்வளவுதானே, அதனால் கை தானாக நீளுகிறது. நானும் கடன் அட்டையை எடுத்துவிட்டேன். அம்மாதான் கேட்டார், "கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று.

நல்ல கேள்வி. செய்மதியைப் பிடிக்க வெளியில் பூட்டும் தட்டு சராசரியாக 75 முதல் 100 வாற்ஸ் வரை இழுக்கும். இரவு பகலாக ஓடவிட்டால் மாதம் குறைந்தது 54 அலகு. தனியாக இருக்கும் அம்மாவின் முழு வீட்டுப் பாவனையே 50 அலகுக்குள்தான் நிற்கிறது. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே பில் கூடிய விலைக் கணக்குக்கு மாறிவிடும். கரண்ட் போனால் தட்டும் படுத்துவிடும். அதைத் தாங்க இன்வேட்டரும் பெரிய பற்றரியும் வேண்டும், அது தனிச் செலவு.

அடுத்தது மரம். இந்தச் செய்மதிகள் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று மறைய, தட்டு அடுத்ததைப் பிடிக்கும். அதற்கு ஒரு பக்கத்து வானம் மட்டும் போதாது, தலைக்கு மேலே அகலமாக வெளி வேண்டும். கருவி வாங்க முதலே அவர்களுடைய செயலியை இறக்கி, போன் கமராவால் வானத்தைச் சுற்றிக் காட்டினால் எங்கே மறைக்கிறது என்று சிவப்பில் காட்டும். எங்கள் வளவில் இரண்டு தென்னை, ஒரு மாமரம், வேலியோரம் வளர்ந்துவரும் வடலிகள். கிணற்றடியைத் தவிர எங்கே பிடித்தாலும் சிவப்புத்தான். ஓலை ஆடி மறைக்கும் இரண்டு மூன்று விநாடி, படம் பார்ப்பவருக்குத் தெரியாது. வீடியோ கோலில் அம்மாவின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினையைக் கண்டேன். குசினிக்குள் போனில் ஒரு கோடுதான் காட்டியது. தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் ஏணியில் நின்று பார்த்தேன், நாலு கோடு. ஊருக்கு 4ஜி வந்து எவ்வளவோ காலம். தடித்த சுவருக்குள்ளே அது நுழையவில்லை, அவ்வளவுதான். வெளி அன்ரனா பூட்டக்கூடிய 4ஜி ரவுற்றர் ஒன்று வாங்கி, 20 அடிக் குழாயில் அன்ரனாவை ஏற்றினேன். எல்லாமாக ஸ்டார்லிங்க் கருவி விலையில் கால்வாசிகூட வரவில்லை. ரவுற்றருக்கு மட்டும் கையளவு பற்றரி ஒன்று, கரண்ட் இல்லாத நேரமும் ஓடுகிறது. இரவு 8 மணிக்கு வேகம் கொஞ்சம் குறையும். அந்த நேரம் அம்மா தொலைக்காட்சி நாடகத்தில் இருப்பார், எங்களோடு கதைக்க மாட்டார்.

இதைச் சொல்வதால் ஸ்டார்லிங்க் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் வயல்கரையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு முகட்டில் ஏறினாலும் ஒரு கோடு வராது. அவர்களுக்கு வேறு வழி இல்லை, தயங்காமல் போடலாம். வேலையோடு ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே செய்ய நினைப்பவருக்கும் அது காசுக்குப் பெறுமதி. என்னைக் கேட்டால் சங்கம் யோசிக்க வேண்டியது சனசமூக நிலையத்துக்கு ஸ்டார்லிங்க் பூட்டுவதைப் பற்றித்தான். பின்னேரத்தில் பத்துப் பிள்ளைகள் படிக்க வரும் இடம், முற்றத்தில் மரமும் இல்லை. திட்டம் மட்டும் வீட்டுத் திட்டமாக இல்லாமல் வேறு எடுக்க வேண்டும்.

மழையையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும்போது ஸ்டார்லிங்க் சில நிமிடம் அறுந்து அறுந்து வரும். இடி முழங்கினால் எங்கள் அம்மாமார் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவார்கள், அது உங்களுக்கே தெரியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிருந்து கருவியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகும் யோசனையை மட்டும் விடுங்கள். அலைவரிசைக் கருவி என்று சுங்கத்தில் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள்.

தம்பி, பக்கத்து வீட்டுப் பெடியனை ஒருக்கால் உங்கள் வீட்டுக் கூரையில் ஏறச் சொல்லுங்கள். அங்கே எத்தனை கோடு காட்டுகிறது என்றும், இரவு 8 மணிக்கு என்ன வேகம் வருகிறது என்றும் பார்க்கட்டும். முற்றத்தில் நின்று வானத்தையும் ஒரு படம் எடுக்கட்டும். அதை இங்கே போடுங்கள், பிறகு காசைப் பற்றிக் கதைப்போம்.